வாரம்

பிப்ரவரி வந்தால் எனக்கு இன்னமும் உள்ளங்கை அரிக்கிறது. உள்ளங்கை அரித்தால் பணம் வரும் என்பாள் ஆச்சி. எனக்கு அரிப்பது கொடுப்பதற்கு. ஆறு பிப்ரவரிகள், ஜன்னலுக்கு வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி கிடக்கும்போது, 500 டாலருக்குச் சற்று மேலே ஒரு செக் எழுதி ஒரு பண்ணைக்குத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்தத் தேதியில் அந்தப் பண்ணையில் ஒரு பச்சை இலை கிடையாது. அக்டோபரில் ஊன்றி வைக்கோல் போட்டு மூடிய பூண்டு மட்டும் பனிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருக்கும்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்கில், கனெக்டிகட் ஆற்றங்கரையில், ஹாட்லி என்ற ஊர். பக்கத்து ஊரான ஆம்ஹர்ஸ்டில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் கணவருக்கு ஆய்வு வேலை. அந்தப் பிராந்தியத்தில் பொதுவாக மண்வெட்டியைப் போட்டால் கல்தான் தட்டும். நிலத்தில் பொறுக்கிய கல்லை அடுக்கியே வேலி கட்டியிருப்பார்கள். ஆற்றுப் பள்ளத்தாக்கு மட்டும் வேறு. பனியுகம் முடியும்போது உருகிய நீர் அங்கே ஒரு பெரிய ஏரியாகத் தேங்கி நின்றதாம். அந்த ஏரி படியவிட்ட களியும் மணலும் கீழே, ஆறு வெள்ளத்துக்கு வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய வண்டல் மேலே. கையில் அள்ளினால் எங்கள் அம்பாசமுத்திரத்து வயல் மண்ணைப்போல விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு போகும்.

ஏற்பாடு இதுதான். விதைப்புக்கு முன்பே உறுப்பினர்கள் பணத்தைக் கட்டிவிட வேண்டும். விதை, உரம், ஆள்கூலி எல்லாவற்றுக்கும் அதுதான் முதல். ஜூன் தொடங்கி அக்டோபர் கடைசி வரைக்கும், 22 வாரம், விளைந்ததில் நம் பங்கைப் போய் எடுத்துக்கொள்ளலாம். இவ்வளவு வரும், இன்னது வரும் என்று யாரும் எழுதித் தருவதில்லை. சி.எஸ்.ஏ. என்று மூன்றெழுத்தில் சொல்வார்கள். அமெரிக்காவில் இது முளைத்ததே 1986ல், அதே மாநிலத்தில் தெற்கு எக்ரிமாண்ட் என்ற சிற்றூரில் ராபின் வான் என் என்ற பெண்மணியின் பண்ணையிலும், பக்கத்து நியூ ஹாம்ப்ஷயரில் இன்னொரு பண்ணையிலும்.

“பணத்த முன்னாடியே வாங்கிப்பாங்க, என்ன தருவாங்கன்னு சொல்ல மாட்டாங்களா? சீட்டுக் கம்பெனி மாதிரி இருக்கே,” என்றார் கணவர். மாம்பலத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கு நெல் என்பது கடையில் கிடைக்கும் அரிசியின் பூர்வாசிரமப் பெயர்.

எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. வாராவாரம் வாங்குவதாலோ என்னவோ, முதல் செக்கை எழுதும்போதே ‘வாரம்’ என்ற சொல் மனதில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஊரில் தாத்தாவின் நிலத்தை இரண்டு விதமாக விட்டிருந்தார்கள். ஆற்றுக்கால் பக்கம் குத்தகை, மேட்டுப்பக்கம் வாரம். குத்தகை என்றால் மழை பெய்தாலும் பொய்த்தாலும் பேசிய நெல்லை அளந்தாக வேண்டும். வாரம் என்றால் விளைந்ததில் பங்கு. நிலக்காரருக்கு மேல்வாரம், உழுதவருக்குக் குடிவாரம். கதிர் பால்பிடிக்காமல் பதராகப் போனால் ‘சாவியாப் போச்சு’ என்பார்கள். குத்தகையில் சாவி உழுதவனுக்கு மட்டும். வாரத்தில் இரண்டு பேருக்கும் சாவி.

அந்தக் காலத்து வாரம் தர்மமான ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். களத்துமேட்டில் தாத்தா குடைக்கு அடியில் நின்றதையும், பொலியைப் பங்கு பிரிக்கும்போது உழுதவர் துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு நின்றதையும் பார்த்தவள்தான் நான். ஹாட்லியில் அந்தக் குடை இல்லை. உழுதவள் நிமிர்ந்து நின்றாள், நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் வரிசையில் நின்றோம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் முறை. மரக் கொட்டகையின் வாசலில் ஒரு கரும்பலகை. அன்றைய பங்கு அதில் சாக்பீஸில் எழுதியிருக்கும்: லெட்யூஸ் இரண்டு, முள்ளங்கி ஒரு கட்டு, கேல் ஒரு கட்டு, பட்டாணி அரைப் பவுண்டு. உள்ளே மரப்பெட்டிகள், ஒரு தராசு. நாமே நிறுத்து நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். யாரும் கண்காணிப்பதில்லை. மூலையில் ஒரு மாற்றுப் பெட்டி. நமக்கு ஆகாததை அதில் போட்டுவிட்டு, வேறு யாருக்கோ ஆகாததை எடுத்துக்கொள்ளலாம். சோம்பு வாசனை அடிக்கும் ஒரு கிழங்கை அதில் வைத்துவிட்டு, யாரோ தண்டோடு நறுக்கிப் போட்டிருந்த பீட்ரூட் கீரையை நான் அள்ளிக்கொண்டு வருவேன்.

ஜூன் முழுக்க இலைதான். போனில் பட்டியலைக் கேட்டுவிட்டு அம்மா, “ஏட்டி, ஆட்டுக்குப் போடவா வாங்குத?” என்றாள். ஆனால் ஜூன் நடுவில் ஒன்று வரும். பனிக்கடியில் தூங்கிய பூண்டு எழுந்து நடுவில் ஒரு பூந்தண்டை விடும். அது மகுடிக்கு ஆடும் பாம்புபோல ஒரு சுற்றுச் சுற்றி, மூக்கை மட்டும் கூராக நீட்டிக்கொண்டு நிற்கும். அதை விட்டுவைத்தால் பூண்டு பருக்காது என்று ஒடித்துவிடுவார்கள். வருடத்தில் இரண்டு மூன்று வாரம்தான் கிடைக்கும். விரல் நீளத்துக்கு நறுக்கி, நல்லெண்ணெயில் தோல் சுருங்கும் வரை வதக்கி, வத்தக்குழம்பில் போடுவேன். பூண்டின் காரம் பாதி, பீன்ஸின் இனிப்பு பாதி. சுண்டைக்காய் வற்றலை ஊரிலிருந்து கொண்டுபோயிருந்தும் அந்த மூன்று வாரம் அதைத் தொட்டதில்லை.

நான் ஏங்கிக் கிடந்தது தக்காளிக்கு. முதல் வருடம், 2009, ஜூன் முழுக்க விடாத மழை, குளிர். அந்தச் சமயத்தில் பல மாநிலங்களில் கடைகளில் விற்ற தக்காளி நாற்றுகளோடு ஒரு நோயும் ஊர் ஊராகப் போயிற்று. பின்பருவக் கருகல் நோய். 1845ல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்த அதே கிருமி. காற்றிலேயே பரவும். ஒரு செவ்வாய்க்கிழமை பண்ணைக்காரி எங்களை வயலுக்கே கூட்டிக்கொண்டு போனாள். ஓர் இலையைப் பறித்துத் திருப்பிக் காட்டினாள். மேலே எண்ணெய் சிந்தியதுபோல ஒரு பழுப்புத் திட்டு, அடியில் மாவு தெளித்ததுபோல வெள்ளைப் பூசணம். செடிகளில் காய் பச்சையாக, கொத்துக் கொத்தாக இருந்தது. எல்லாவற்றையும் பிடுங்கப்போகிறோம் என்றாள். நகக்கண்ணில் மண்ணோடு அந்த இலையை உருட்டிக்கொண்டே பேசினாள், எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் பலகையில் எல்லாக் காய்க்கும் கீழே எழுதியிருந்தாள்: தக்காளி, இந்த வருடம் இல்லை.

வரிசையில் நின்ற யாரும் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒருவர் வீட்டில் சுட்ட ரொட்டியை மரப்பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து சொன்னதும், “என்ன, சீட்டுக் கம்பெனி ஓடிடுச்சா?” என்றார் கணவர். “ஓடல. அவ அங்கயேதான் நிக்கறா,” என்றேன். அந்த வருடம் முழுவதும் புளியை மட்டும் கரைத்து ரசம் வைத்தோம். வேண்டுமென்றால் சூப்பர் மார்க்கெட்டில் தக்காளி இருந்தது. ஏனோ வாங்கத் தோன்றவில்லை. துக்க வீட்டில் பாயசம் வைப்பதுபோலப் பட்டது.

மறு வருடம்தான் அந்த மண்ணின் கணக்கு எனக்குப் பிடிபட்டது. கொத்தமல்லிக்கு வெயில் ஆகாது; ஜூலை சூட்டில் பூத்து விதைக்குப் போய்விடும். தக்காளி ஆகஸ்டில்தான் சிவக்கத் தொடங்கும். ஒன்று இருக்கும்போது மற்றது இருக்காது. ஆகஸ்டில் மறுபடி விதைத்த கொத்தமல்லி செப்டம்பரில் தலையெடுக்கும்போது, கடைசித் தக்காளி இன்னும் செடியில் தொங்கிக்கொண்டிருக்கும். ரசத்துக்கு வேண்டிய இரண்டும் ஒரே பையில் வந்து சேர்வது அந்த மூன்று நான்கு வாரம் மட்டும்தான். 2010 செப்டம்பரில் ஒரு செவ்வாய் இரவு அந்த ரசத்தை வைத்தேன். பழத்தைக் கையால் பிசைந்தபோது விதையோடு சாறு மணிக்கட்டு வரை வழிந்தது. நுரை கட்டி இறக்கும்போது கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டேன். கணவர் டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் டம்ளரை மறுபடி நீட்டினார்.

அக்டோபரில் ஓர் இரவு உறைபனி இறங்கும். காலையில் பார்த்தால் இத்தாலியத் துளசி கொதிநீர் ஊற்றியதுபோலக் கறுத்து நிற்கும். அதற்கு முந்தின நாள் எல்லாரும் ஓடிப்போய்ப் பச்சைத் தக்காளியைப் பறித்துக்கொள்வோம். துவையலுக்கு அதைப்போல வராது. அதன் பிறகு கேரட்டும் கேலும் திடீரென்று இனிக்கும். உறைந்து போகாமலிருக்கச் செடி சர்க்கரையைச் சேர்த்துவைத்துக்கொள்கிறது என்றாள் பண்ணைக்காரி. கடைசி வாரம் பரங்கிக்காய், நூல்கோல், உருளைக்கிழங்கு என்று பை கனக்கும். பிறகு கொட்டகை பூட்டிக்கொள்ளும். பிப்ரவரியில் செக்.

2015ல் சென்னைக்குத் திரும்பிவந்தோம். மடிப்பாக்கத்தில் வீடு. போனைத் தொட்டால் பத்து நிமிடத்தில் தக்காளி, கொத்தமல்லி இரண்டும் வாசலில். சித்திரையில் காலிஃபிளவர், ஐப்பசியில் மாங்காய். தை மாதத்துக்கென்று இருந்த சிறுகிழங்கைத் தவிர மற்றதெல்லாம் மாதம் மறந்துவிட்டன. இங்கேயும் வாராவாரம் இயற்கைக் காய்கறிக் கூடை கொடுக்கிறவர்களிடம் சேர்ந்து பார்த்தேன். நல்ல காய். வேண்டாததை முன்கூட்டியே நீக்கிக்கொள்ளலாம். மழையில் ஏதாவது வராமல் போனால் அன்றைக்கே பணம் திரும்பிவிடும். ஒரு வருடம் வாங்கினேன். ஒருமுறைகூட எனக்கு நஷ்டம் வரவில்லை. அதைக் குறை என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றார்கள். அதே மாதம் ஆம்ஹர்ஸ்ட் தோழி ஒரு படம் அனுப்பியிருந்தாள். கனெக்டிகட் ஆறு கரையேறி, ஹாட்லி பக்கத்து வயல்களுக்குள் நிற்கிறது. பழுப்புத் தண்ணீருக்கு மேலே தக்காளிக் கொடிக்கு ஊன்றிய குச்சிகளின் தலை மட்டும் வரிசையாகத் தெரிகிறது. வெள்ளம் தொட்ட காயை அங்கே விற்கக் கூடாது. வடிந்த பிறகும் உழுது புதைக்க வேண்டியதுதான். படத்தைப் பெரிதாக்கிக் கொட்டகை எங்கே, மேட்டுப்பாத்தி எங்கே, பூண்டு பிடுங்கியிருப்பார்களா என்று தேடிக்கொண்டிருந்தேன். எட்டு வருடத்துக்கு மேலாக ஒரு டாலர் அனுப்பாதவள்.

அந்த நேரத்தில் கணவர் ரேஷன் கடையிலிருந்து வந்தார். பையில் ஒரு கிலோ.

“இங்க எந்த ஊர்ல போச்சாம் தக்காளி?”

“யாருக்குத் தெரியும்? வரத்து கம்மியாம்.”

போனை அவர் பக்கம் நீட்டினேன். “சாவியாப் போச்சுங்க,” என்றேன்.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “எங்க வச்சே? நல்லா தேடிப் பாரு, பையிலதான் இருக்கும்.”