துபாய்க்கு எத்தனை மணி நேரம்?



ஸ்ரீவராகத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டிற்கும் திருவனந்தபுரம் விமான நிலையத்திற்கும் இடையே இரண்டு மூன்று கிலோமீட்டரே உண்டு. ஜெபவேளையில் விமானம் மேலெழும்பினால், இரைச்சல் அடங்கும்வரை நிறுத்திவிட்டுத் தொடருவோம். எங்களில் அநேகர் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். பிள்ளைகளோ இன்னும் தூரமாய் வளைகுடாவிற்குச் சென்றுவிட்டார்கள்.

2016 ஜனவரியில் எங்கள் சபையின் மூத்த சகோதரர் ஒருவர் நித்திரையடைந்தார். மூத்த மகன் துபாயில் இருந்தான். மறுநாள் பகல் ஒரு மணி விமானத்தில் இடம் கிடைத்ததென்று தொலைபேசியில் சொன்னான். எப்போது வந்து இறங்குவான் என்று உறவினர் என்னைக் கேட்டார்கள். 2011-ல் ஊழியத்தினிமித்தம் ஒருமுறை துபாய் சென்றிருந்தபடியால், நான் விவரம் அறிந்தவன் என்ற எண்ணம் அவர்களுக்கு, எனக்கும்தான். அன்று அதிகாலை நான்கு மணிக்கு இங்கே புறப்பட்டு, ஆறு நாற்பதுக்கு அங்கே இறங்கியது நினைவில் இருந்தது. ஆகவே பிரயாணம் இரண்டு மணி நாற்பது நிமிடம் என்று கணக்கிட்டேன். மகனிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மூன்று நாற்பதுக்கு வந்துவிடுவான், ஐந்து மணிக்கு அடக்கம் என்று அறிவித்தேன்.

கொழும்பு இங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 360 கிலோமீட்டர். சென்னையும் மாலத்தீவின் மாலே நகரமும் ஏறக்குறைய ஒரே தூரம், 610 கிலோமீட்டர் அளவில். துபாயோ சுமார் 2,950 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தாலும், ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தால் நான்கு மணி நேரத்தை ஒட்டி வரும். குளிர்காலத்தில் உயரே மேற்குக் காற்று வீசினால் போகும்போது சற்றுக் கூடும், வரும்போது குறையும். துபாய்க் கடிகாரம் நம்முடையதற்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் நடக்கிறது. நான் சென்றபோது அந்த ஒன்றரை மணி நேரம் கணக்கிலிருந்து கழிந்துபோயிற்று. அங்கே கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்ததையும் மறந்துபோனேன். அவன் வரும்போதோ அதைக் கூட்ட வேண்டும். அவனுடைய ஒரு மணி நமக்கு இரண்டரை. அவன் இறங்கும்போது ஆறே கால் ஆகிவிடும்.

நான்கரை மணிக்கு வீட்டு ஆராதனை முடிந்தது. மார்த்தாண்டத்திலிருந்து வாகனம் அமர்த்தி வந்திருந்தவர்கள் வாசலில் நின்றார்கள். விமான நிலையத்திற்குச் சென்ற வாலிபன், அறிவிப்புப் பலகையில் 6.15 என்று இருப்பதாகத் தொலைபேசியில் சொன்னான். தாமதம் ஒன்றுமில்லையாம், அதுதான் நேரமாம். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் பொழுது சாய்ந்தபின் அடக்கம் செய்ய அனுமதி இல்லை. குழியும் வெட்டியாயிற்று. எடுத்துவிடலாம் என்று உறவினர் பலரும் வற்புறுத்தினார்கள். பிழை என்னுடையது என்று அவர்களுக்கு முன்பாகச் சொன்னேன். ஒருவர் கடுமையாகவே பேசினார், அது நியாயமே. பெட்டியின் அருகே இருந்த தாயார் மாத்திரம் தலை நிமிராமல், "மோன் வரட்டும்" என்றார்.

மகன் ஏழு மணிக்கு வாசலில் வந்து நின்றான். மறுநாள் காலை எட்டு மணிக்கு அடக்கம் நடந்தது. தூரத்திலிருந்து வந்தவர்களில் பாதிப்பேர் இரவே திரும்பியிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் மாலை நாலரை மணி விமானத்தில் அவன் திரும்பிச் சென்றான். நான் அவர்கள் வீட்டிலிருந்தேன். இரைச்சல் அடங்கியதும், எப்போது போய்ச் சேருவான் என்று தாயார் கேட்டார். இம்முறை காகிதத்தில் எழுதிப் பார்த்து, அங்கே மணி ஏழு பத்து ஆகும் என்றேன்.

"அந்த ஊரு மணி எனக்கு எதுக்கு பாஸ்டரே? நம்ம மணியச் சொல்லுங்க."

எட்டு நாற்பது என்றேன். அவர் திரும்பிச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்.