தானே சுற்றும் சக்கரம்

எண்ணெய் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், ஒருமுறை தள்ளிவிட்டால் ஆயுள் முழுதும் தானே சுற்றி வீட்டுக்கு விளக்கெரிக்கும் சக்கரம் என்று ஒருவர் உங்கள் வாசலில் வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? சிரித்து அனுப்பிவிடுவீர்கள். அவர் கையில் அரசாங்க எண் போட்ட தாள் இருந்தால்?

என் மாணவி ஒருத்தியின் தாத்தா அப்படி ஒரு தாளோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். "டீச்சர், அமெரிக்காக்காரன் நம்பரே குடுத்திருக்கான். சேமநிதிக் காசில ஐயாயிரம் வெள்ளி போடலாமா?" என்றார். முப்பது வருஷம் செம்பனைக் குலை வெட்டிச் சேர்ந்த காசு அது.

காப்புரிமை ஏடுகளை இப்போது கணினியில் யாரும் காசில்லாமல் புரட்டலாம். அன்று மாலையே அந்த எண்ணைத் தேடினேன். எண்ணுக்குப் பின்னால் 'ஏ' என்ற எழுத்து நின்றது. அமெரிக்க ஏடுகளில் 2001 முதல் 'ஏ' என்றால் வெளியிடப்பட்ட விண்ணப்பம். 'பி' என்றால்தான் உரிமை கொடுத்தாயிற்று. அதாவது அந்தத் தாளில் இருந்தது, "எனக்குக் கொடுங்கள்" என்று கேட்டதற்கான எண்! இன்னொன்றும் கண்டேன். உலகப் பொதுவான வகைப்பாட்டில் இச்சக்கரங்களுக்குத் தனி அறையே உண்டு: எஃப்03ஜி 7/10. 'முடிவில்லாமல் இயங்குவதாகச் சொல்லப்படும் இயந்திரங்கள்' என்பது அதன் தலைப்பு. 'சொல்லப்படும்' என்ற சொல்லை மறக்காமல் சேர்த்த புண்ணியவானை நினைத்துச் சிரித்தேன். அமெரிக்க அலுவலகம் பொதுவாக மாதிரி கேட்பதில்லை. இந்த வகைக்கு மட்டும் ஓடுகிற மாதிரியைக் கேட்கும். அப்படியும் சில நழுவி உரிமை பெற்றதுண்டு. உரிமை கொடுத்தவர்கள் ஓட்டிப் பார்த்துத்தான் கொடுத்தார்கள் என்று அர்த்தமில்லை.

பிறகு சில மாலைப்பொழுதுகள் அந்த அறையிலேயே கழிந்தன. ஆள் வேறு, ஆண்டு வேறு, படம் மட்டும் பழசு. 1150-இல் பாஸ்கராச்சாரியார் ஆரக்கால்களில் பாதரசம் நிரப்பிய சக்கரத்தைப் பற்றி எழுதினார். 1230 வாக்கில் பிரான்சு நாட்டு வில்லார் தெ ஒன்கூர் விளிம்பில் ஏழு சுத்தியல் தொங்கும் சக்கரத்தை வரைந்தார். இறங்கும் பக்கம் சுத்தியல் வெளியே நீண்டு விழும், ஏறும் பக்கம் மடங்கிக் கிடக்கும். ஆகவே சுற்றும் என்பது கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

தாத்தாவிடம் படத்தைக் காட்டினேன். விரல் விட்டு எண்ணினார். "ஏறுற பக்கம் சாமான் கூட இருக்கே, டீச்சர்" என்றார். அதேதான்! நீண்டு தொங்குபவை குறைவு, மடங்கி ஏறுபவை அதிகம். ஒரு சுற்றில் இறங்கிய உயரம்தான் ஏறவேண்டிய உயரமும். இறக்கத்தில் கிடைத்தது ஏற்றத்துக்கே சரியாகிவிடும். அச்சின் உராய்வு வேறு தன் பங்கைத் தின்னும். காசு சேமநிதியிலேயே இருக்கிறது.

ஒரு சக்கரம் மட்டும் நன்றாகவே சுற்றியது. 1812-இல் பிலடெல்பியாவில் சார்லஸ் ரெட்ஹெபர் என்பவர் கட்டணம் வாங்கிக் காட்டிய இயந்திரம் அது. 1813-இல் நியூயார்க்கிலும் ஒன்றை வைத்தார். நீராவிக் கப்பலால் பெயர் பெற்ற ராபர்ட் புல்டன் அதைப் பார்க்கப் போனார். சக்கரம் ஒரே சீராகச் சுற்றவில்லை, கையால் சுற்றுவதுபோல் விட்டு விட்டுச் சுற்றுகிறது என்று அவர் காதுக்குப் பட்டது. பக்கத்துச் சட்டங்களைத் தட்டிப் பெயர்த்தார். உள்ளே நரம்புக் கயிறு ஒன்று சுவருக்குள் புகுந்து மேல்மாடிக்குப் போயிற்று. அங்கே ஒரு கிழவர் ஒரு கையால் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு, மறு கையில் காய்ந்த ரொட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.