சொன்னதும் பிடித்ததும்

சென்னையில் ஒரு கிளப்பின் சீட்டறை. ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. நடு மேஜைகளில் ரம்மி ஓடுகிறது. சிரிப்பு, திட்டு, மேஜையை அறையும் சத்தம். சுவரோர மேஜையில் பிரிட்ஜ் வகுப்பு. அங்கே மட்டும் பேச்சில்லை.

பச்சை விரிப்பு. நான்கு பக்கமும் நான்கு பிளாஸ்டிக் பெட்டிகள். நடுவில் தட்டையாக ஒரு போர்டு. அதன் நான்கு பொந்துகளில் பதின்மூன்று பதின்மூன்றாகச் சீட்டுகள்.

வடக்கில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். எதிரே, தெற்கில், அவர் மனைவி. கிழக்கில் ஒரு கல்லூரி மாணவன். மேற்கில் மென்பொருள் வேலைக்காரர்; கைப்பேசியைக் கவிழ்த்து வைத்திருக்கிறார். எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். கரும்பலகை அருகே சார் நிற்கிறார். கண்ணாடி கயிற்றில் தொங்குகிறது. சட்டைப்பையில் சாக்பீஸ் தூள்.

"பாயின்ட் எண்ணுங்க."

ஏஸ் 4. ராஜா 3. ராணி 2. ஜாக்கி 1. கட்டு முழுவதற்கும் 40. வடக்கின் கட்டைவிரல் சீட்டுகளைத் தள்ளுகிறது, கவுன்டரில் நோட்டு எண்ணுவதுபோல. ஒருமுறை எண்ணி, தலைகீழாக இன்னொருமுறை எண்ணுகிறார். மாணவனின் உதடுகள் அசைகின்றன.

"உதடு அசையக் கூடாது தம்பி. எதிராளி படிச்சுடுவான்."

உதடுகள் மூடுகின்றன. மேஜைக்கடியில் விரல்கள் மடிகின்றன.

பெட்டிக்குள் 35 ஏலச் சீட்டுகள். ஒன்றிலிருந்து ஏழு வரை, ஒவ்வொன்றிலும் ஐந்து. கிளாவர், டைமண்ட், ஆர்ட்டின், ஸ்பேட், எல்லாவற்றுக்கும் மேலே, துருப்பு இல்லாத நோ டிரம்ப். தனிக்கட்டாகப் பச்சை நிறத்தில் பாஸ். சிவப்பில் டபுள். நீலத்தில் ரீடபுள். வாய்க்கு வேலை இல்லை.

நால்வரும் ஆளுக்கொரு சீட்டுப் போட்டால் ஒரு பிடி. முதல் ஆறு பிடிகள் கணக்கில் சேராது. ஒன்று சொன்னவர் ஏழு பிடி எடுக்க வேண்டும். நான்கு சொன்னவர் பத்து. ஏழு சொன்னவர் பதின்மூன்றையும்.

"ஏழு யாராவது சொல்வாங்களா சார்?" மாணவன் கேட்கிறான்.

"ரெண்டு கையும் சேர்ந்து 37 இருந்தா சொல்லுவாங்க. போனஸ் 1000. வல்னரபிளா இருந்தா 1500."

மாணவன் தன் சீட்டுகளை மறுபடி எண்ணுகிறான். அவன் கையில் எட்டு.

முதல் போர்டு. ஏலத்தைத் தொடங்க வேண்டியவர் வடக்கு. 16 பாயின்ட். ஒன்று நோ டிரம்ப் சீட்டை எடுத்து வைக்கிறார். வைத்துவிட்டு மனைவியைப் பார்க்கிறார். புருவம் சற்று ஏறுகிறது.

"பார்க்கக் கூடாது சார்," என்கிறார் சார்.

வடக்கு மின்விசிறியைப் பார்க்கிறார்.

கிழக்கு, பச்சை. தெற்கு தன் சீட்டுகளைப் பார்க்கிறார். 10 பாயின்ட். பெட்டிக்குப் போன கை பச்சைச் சீட்டோடு திரும்புகிறது. மேற்கும் பச்சை. ஏலம் முடிகிறது.

கிழக்கு ஒரு சீட்டைப் போடுகிறான். தெற்கு தன் பதின்மூன்று சீட்டுகளையும் விரிப்பில் பரப்பி வைக்கிறார். அவர் இப்போது டம்மி. இனி இரண்டு கைகளையும் ஆடுவது வடக்கு. தெற்கு கைகளை மடியில் வைத்துக்கொள்கிறார். விரிந்து கிடக்கும் 10 பாயின்ட்டை வடக்கு எண்ணுகிறார். மறுபடி எண்ணுகிறார்.

மாணவன் சீட்டை மேஜை நடுவில் வீசுகிறான். சார் அதை எடுத்து அவன் முன்னாலேயே வைக்கிறார். பிரிட்ஜில் சீட்டுகள் கலப்பதில்லை. அவரவர் சீட்டு அவரவர் முன்னால் கவிழ்ந்து கிடக்கும். ஜெயித்த பிடி நெட்டாக, தோற்ற பிடி குறுக்காக. ஆட்டம் முடிந்ததும் அதே சீட்டுகள் அதே பொந்துக்குத் திரும்ப வேண்டும். இதே கைகளை அடுத்த மேஜையும் ஆடும். நல்ல சீட்டு வந்த அதிர்ஷ்டம் கணக்கில் வராது.

அடுத்த பிடியிலும் மாணவன் நடுவில் வீசுகிறான். சார் மறுபடி எடுத்து வைக்கிறார்.

வடக்கின் முன்னால் ஒன்பது நெட்டு, நான்கு குறுக்கு. சார் கரும்பலகைக்குத் திரும்புகிறார். நோ டிரம்பில் முதல் பிடிக்கு 40, அடுத்தடுத்த பிடிக்கு 30. சொன்ன பிடிக்கு 40. கூடுதலாக எடுத்த இரண்டுக்கு 60. கேமை எட்டாத ஏலத்துக்குப் போனஸ் 50. மொத்தம் 150.

பக்கத்தில் இன்னொரு கணக்கு எழுதுகிறார். மூன்று நோ டிரம்ப் சொல்லி, அதே ஒன்பது பிடி. 40, 30, 30. நூறைத் தொட்டால் கேம். கேமுக்குப் போனஸ் 300. மொத்தம் 400.

"ஒன்பதும் எடுத்தாச்சே சார்," என்கிறார் வடக்கு.

"எடுத்தீங்க. சொல்லலியே."

வடக்கு தெற்கைப் பார்க்கிறார்.

"நீங்க ஒண்ணுன்னு முடிச்சிட்டீங்க. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றது?"

"அவர் முடிக்கல மேடம், ஆரம்பிச்சார்," என்கிறார் சார். "ஒண்ணு நோ டிரம்ப்னா 15-லேர்ந்து 17. உங்ககிட்ட 10. எப்படிப் பார்த்தாலும் 25. கேமுக்கு 25 போதும். மூணு நோ டிரம்ப் நீங்கதான் சொல்லணும்."

"நானா?"

"உங்க கை அவருக்குத் தெரியாதே."

வடக்கு இருமுகிறார்.

பேரர் காபி கொண்டுவருகிறார். மேஜையில் வைக்க இடமில்லை. ஸ்டூலில் வைத்துவிட்டுப் போகிறார்.

சார் நின்றபடியே குடிக்கிறார். சொன்னால்தான் கேம் என்ற இந்தக் கணக்கு 1925-ல் வந்தது. ஹாரல்ட் வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கப் பணக்காரர். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பனாமா கால்வாய் வழியாக ஹவானா போகும் கப்பல். கூட ஆட மூன்று நண்பர்கள். அதுவரை இருந்த ஆக்‌ஷன் பிரிட்ஜில் சொல்லாமல் எடுத்த பிடியும் கேமில் சேரும். வாண்டர்பில்ட் அதை வெட்டினார். சொல்லி எடுத்தது மட்டுமே கேமுக்கு.

"பழைய கணக்குதான் நியாயம்," என்கிறார் வடக்கு.

தெற்கு காபியை ஆற்றிக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது போர்டு. வடக்கு, தெற்குப் பொந்துகளில் சிவப்பு வண்ணம். அந்த ஜோடி வல்னரபிள். கேமுக்குப் போனஸ் 500. தவறினால் பிடிக்கு 50 இல்லை, 100.

கிழக்கு, பச்சை. தெற்கு, பச்சை. மேற்கு, பச்சை. வடக்கு, ஒன்று ஸ்பேட். 14 பாயின்ட். மாணவன் பாஸ். தெற்கிடம் 7 பாயின்ட், மூன்று ஸ்பேட். பெட்டியைத் தடவி, இரண்டு ஸ்பேட் வைக்கிறார். வைத்துவிட்டு சாரைப் பார்க்கிறார். சார் சாக்பீஸைப் பார்க்கிறார். மேற்கு, பச்சை.

வடக்கின் கை யோசிக்காமல் போகிறது. நான்கு ஸ்பேட்.

பச்சை. பச்சை. மேற்குக்காரர் முதல்முறையாக நாற்காலியில் நிமிர்கிறார். சிவப்புச் சீட்டை வைக்கிறார். டபுள். பத்துப் பிடி வராது என்ற சவால். அவர் கையில் நான்கு ஸ்பேட். ராணியும் ஜாக்கியும் அதில் உண்டு.

யாரும் எதுவும் சொல்லவில்லை. ரம்மி மேஜையில் யாரோ டிக்ளேர் செய்கிறார்.

ஆட்டம் நீள்கிறது. ஒவ்வொரு சீட்டுக்கும் வடக்கு நேரம் எடுத்துக்கொள்கிறார். தெற்கு பரப்பிய சீட்டுகளின் ஓரங்களை நேராக்குகிறார். ஒரு முறை ஏதோ சொல்ல வாயெடுக்கிறார்.

"டம்மி பேசக் கூடாது மேடம்."

வாய் மூடுகிறது. சீட்டுகளின் ஓரம் மறுபடி நேராகிறது.

எட்டு நெட்டு. ஐந்து குறுக்கு. தேவை பத்து. இரண்டு குறைவு. வல்னரபிள், டபுள்: முதல் பிடிக்கு 200, அடுத்ததற்கு 300. மைனஸ் 500.

சார் பக்கத்தில் எழுதுகிறார். இரண்டு ஸ்பேட் சொல்லி, அதே எட்டுப் பிடி. ஸ்பேடுக்குப் பிடி ஒன்றுக்கு 30. 60-உம் 50-உம் சேர்ந்து 110.

"ஏழே பாயின்ட்டை வச்சுக்கிட்டு ஏன் பேசினே?" வடக்கு கேட்கிறார்.

"நான் ரெண்டுன்னுதானே சொன்னேன்."

மேற்குக்காரர் கைப்பேசியைத் திருப்பி மணி பார்க்கிறார். மாணவன் 500-ஐத் தன் பக்கம் எழுதுகிறான். எண்ணுக்கு அடியில் கோடு இழுக்கிறான்.

மூன்றாவது போர்டு. தெற்கு, பச்சை. மேற்கு, பச்சை. வடக்கு எண்ணுகிறார், எண்ணுகிறார். 11. பச்சை. மாணவன் வடக்கைப் பார்த்துவிட்டுப் பச்சை. நான்கு பச்சைச் சீட்டுகள். தொடங்க 12 வேண்டும், யாரிடமும் இல்லை. சீட்டுகள் அப்படியே பொந்துகளுக்குத் திரும்புகின்றன. சார் பூஜ்யம் எழுதுகிறார். நால்வர் முகத்திலும் நிம்மதி.

சார் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு செய்தித்தாள் துண்டை எடுக்கிறார். 2018, ஜகார்த்தா. ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் சேர்க்கப்பட்ட முதல் ஆண்டு. ஆண்கள் ஜோடிப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம். கொல்கத்தாவின் பிரணாப் பர்தன், வயது 60. ஷிப்நாத் சர்க்கார், வயது 56. கழுத்தில் பதக்கங்கள்.

துண்டு கைமாறுகிறது. வடக்கு வயதை இரண்டாம் முறை படிக்கிறார். மாணவன் பதக்கத்தைப் பார்க்கிறான். தெற்கு இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

"இவங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்க மாட்டாங்களா சார்?"

சார் உறையைப் பைக்குள் வைக்கிறார்.

நான்காவது போர்டு. நான்கு பொந்துகளும் சிவப்பு. மேற்கு, பச்சை. வடக்கு, ஒன்று ஆர்ட்டின். இந்தமுறை யாரையும் பார்க்கவில்லை. பெட்டியின் மேல் கண். கிழக்கு, பச்சை.

தெற்கு சீட்டுகளை இனவாரியாக அடுக்குகிறார். நான்கு ஆர்ட்டின். 13 பாயின்ட். வடக்கிடம் குறைந்தது 12. கண்கள் கரும்பலகைக்குப் போகின்றன. அங்கே 25 இன்னும் அழியவில்லை. கை பெட்டிக்குப் போகிறது. கட்டைவிரல் இரண்டில் நிற்கிறது. மூன்றைத் தாண்டுகிறது. நான்கு ஆர்ட்டின். அதன் பின்னாலிருக்கும் சின்ன ஏலங்களும் கொத்தாகச் சேர்ந்து வருகின்றன. கொத்தை அப்படியே விரிப்பில் வைக்கிறார்.

வடக்கின் வாய் திறக்கிறது. மூடுகிறது.

பச்சை, பச்சை, பச்சை.

கிழக்கு முதல் சீட்டைப் போடுகிறான், நடுவில் வீசவில்லை. தெற்கு பரப்புகிறார், துருப்பு தன் வலப்பக்கம் இருக்கும்படி. வடக்கு எண்ணுகிறார். ஒருமுறை மட்டும். "தேங்க் யூ" என்கிறார். பிரிட்ஜில் டம்மிக்குச் சொல்லும் வழக்கமான வார்த்தை. இன்று முதல்முறையாகச் சொல்கிறார்.

எதிராளியின் துருப்பை முதலில் இறக்குகிறார். இரண்டு முறை. மூன்றாம் முறை. பிறகு டைமண்ட். ஓரிடத்தில் வெகுநேரம் நிற்கிறார். தெற்கு மடியிலிருந்த கையை எடுக்கவில்லை.

பத்து நெட்டு. மூன்று குறுக்கு.

நான்கு ஆர்ட்டின், பிடிக்கு 30. அது 120. வல்னரபிள் கேம் 500. மொத்தம் 620.

சார் நான்கு போர்டையும் கூட்டுகிறார். 150, மைனஸ் 500, 0, 620. வடக்கு–தெற்கு ஜோடிக்கு 270.

அதன் கீழே இன்னொரு வரி. முதல் போர்டில் மூன்று சொல்லி, இரண்டாவதில் இரண்டோடு நின்றிருந்தால்: 400, 110, 0, 620. கூட்டினால் 1130.

வடக்கு எழுந்து கரும்பலகைக்கு அருகில் போகிறார். இரண்டு வரிகளையும் விரலால் தொட்டுக் கூட்டிப் பார்க்கிறார். முதல் வரியில் பிடிகள் 27. இரண்டாவது வரியிலும் 27.

கூட்டலில் தப்பில்லை.