பன்னிரண்டால் பெருக்கிய கணக்கு

ஃபிக்ஹுப் பாடத்தில் ‘இஜாரா’ என்னும் வாடகை அத்தியாயத்தை ஏறத்தாழ முப்பதாண்டுகளாக மாணவர்க்கு நடத்தி வந்திருக்கிறோம். ஆயினும் வாடகை இன்னதென்று நாம் உண்மையில் கற்றது, 2016-ஆம் ஆண்டில் ஆனைக்குட்டத்தில் இரண்டு சிறு வீடுகளைக் கட்டிய பின்னரே.

அர்ச்சுனா நதியின் குறுக்கே அணை நிற்கும் ஊர் அது. “பட்டாசு வேலைக்குப் போகிற ஜனம் நிறைய இருக்கிறது மச்சான், வீடு ஒருநாளும் பூட்டிக் கிடக்காது” என்றார் நம் மைத்துனர். சேமிப்புடன், மகளின் நிக்காஹுக்கென ஒதுக்கியதையும் சேர்த்துக் கணக்கிட்டோம். செலவு 10 இலட்சம். வீட்டுக்கு 3,000 வீதம் இரண்டுக்கும் 6,000. பன்னிரண்டால் பெருக்க, ஆண்டுக்கு 72,000. நூற்றுக்கு ஏழு ரூபாய்க்கு மேல், அதுவும் வட்டியின் வாடை படாத வருவாய்! அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டபோது நமக்கிருந்த மகிழ்ச்சியை இன்று நினைத்தால் நாணமாயிருக்கிறது.

அத்தாளை முதலில் கிழித்தது மண். நமது மனை கரிசல். கரிசல் மண் மழைக்கு உப்பும்; கோடையில் பாளம் பாளமாய் வெடிக்கும்; மேலே நிற்கும் சுவரையும் கூடவே வெடிக்க வைக்கும். ஆழத் தோண்டிச் சரளை நிரப்பாமல் கல் வைக்க மாட்டேன் என்று கொத்தனார் மறுத்துவிட்டார். அவர் சொன்னதே சரி. அதற்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் மின் இணைப்புக்கும் 2 இலட்சம் போயிற்று. பத்திரச் செலவை நாம் எழுதவே மறந்திருந்தோம். (இன்று தமிழகத்தில் கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு.) முடிவில் நின்றது பன்னிரண்டரை இலட்சம்.

வரவும் அப்படியே. ஒருவர் காலி செய்து மற்றவர் வருமுன் ஒன்றிரண்டு மாதம் கழியும். வெள்ளையடிப்பு, மோட்டார், வீட்டுவரி எனப் பன்னிரண்டாயிரம். ‘கூரை ஒழுகினால் செப்பனிடுவது உடைமையாளர் கடமை’ என்று மாணவர்க்கு ஒரே மூச்சில் சொல்லிவிடுவோம். கூரை நமதானபோது மூச்சு வாங்கியது. மிஞ்சியது 48,000. நூற்றுக்கு நான்கு ரூபாய்கூட இல்லை.

இவையெல்லாம் எவருக்கும் நேர்வதே. நாம் சிறிதும் எண்ணாதது வேறொன்று. 2018 அக்டோபர் 23 அன்று உச்சநீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடைசெய்தது. அதன்பின் சிவகாசி வட்டாரத்தில் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. ஒரு வீடு காலியானாலும் மற்றது கைகொடுக்கும் என்றுதான் இரண்டாகக் கட்டினோம். இரண்டு வீட்டு அடுப்புகளும் ஒரே தொழிலை நம்பி எரிந்தவை என்பது அப்போதுதான் புலப்பட்டது. “ஆபீஸ் திறந்ததும் கொடுத்திருவேன் பாய்” என்று முதல் வீட்டுப் பெண்மணி வாசலில் நின்று சொன்னார். வெடி ஆலையை அங்கே ஆபீஸ் என்பதே வழக்கு. நான்கு மாதம் ஒரு காசும் வரவில்லை.

மகளுக்கு நாள் குறித்தாயிற்று. அந்நேரம் பார்த்துத் தரகர் ஒருவர் வந்தார். “ஒத்திக்கு விட்டுடுங்க ஹஜ்ரத், 2 இலட்சம் கையில் வரும். மூன்று வருஷம் வாடகை கிடையாது; முடிவில் பணத்தைத் திருப்பினால் போதும்.” மனம் சாய்ந்ததை மறைப்பானேன்? வாங்கும் பணம் கடன். வாடகையின்றிக் குடியிருப்பது அக்கடனுக்கு ஈடாகப் பெறும் பயன். கடன்மேல் நிபந்தனையாய்ப் பெறும் பயன் ரிபாவே என்று கேட்டவர்க்கெல்லாம் நாமே கூறியிருக்கிறோம். அதுமட்டுமன்று, அந்தப் பெண்மணியை வெளியேற்றியாக வேண்டும்.

“ஊருக்குச் சொன்ன பதில் நமக்கு மட்டும் மாறுமாங்க?” என்றார் இல்லத்தரசியார்.

மைத்துனரே கர்ளு ஹஸனாக ஒரு தொகை தந்தார். நிக்காஹ் பள்ளிவாசலில் எளிமையாய் நடந்தது. 2019-இல் ஆலைகள் திறந்தபின், அந்தப் பெண்மணி மூன்று மாத பாக்கியைச் சிறுகச் சிறுகக் கொடுத்தார். நான்காவது மாதத்தை நாம் கேட்கவில்லை.

சென்ற மாதம் மருமகன் திருத்தங்கலில் மூன்று வீடு கட்ட ஒரு தாளோடு வந்தார். பன்னிரண்டால் பெருக்கியிருந்தார். அதை அடித்துப் பத்தென்று திருத்தினோம். பின், “குடிவரப் போகிறவர்கள் எங்கெங்கே வேலை பார்ப்பவர்கள்?” என்று கேட்டோம். விசாரித்து வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.