முதுகுக்குப் பின்னால் நிற்கும் கண்

கடவுச்சொல்லைத் திரையில் மறைப்பது கணினிக்காரரின் வேலை. அதில் பத்திரிகைக்காரனுக்கு என்ன அலுவல் என்று இப்பக்கத்தை வழமையாக வாசிக்கும் நண்பர்கள் கேட்கக்கூடும். பிறர் என்னை நம்பிச் சொன்னவற்றைச் சுமப்பதையே முப்பது ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்டவன் என்ற ஒரே தகுதியில்தான் இதனை எழுதத் துணிகிறேன். கலைப்பட்டதாரியான எனக்கு இதன் நுட்பங்களைப் பொறுமையோடு சொல்லித் தந்தவர்கள் வன்னியின் இளைய தலைமுறையினர். அவர்களுக்கு என் நன்றி.

விசைப்பலகையில் ஓர் எழுத்தை அழுத்தியதும் அது திரையில் தோன்றுகிறது. விசைதான் நேரே திரையில் எழுதுகிறது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். கறுப்புத் திரையில் கட்டளைகளை வரிவரியாக எழுதி வேலை வாங்கும் முறையில் நிகழ்வது வேறு. அழுத்திய எழுத்து முதலில் கணினிக்குச் செல்கிறது. கணினி அதைத் திரைக்குத் திருப்பி அனுப்புகிறது. இதற்குக் கணினிக்காரர் இட்ட பெயர் எதிரொலி. கடவுச்சொல்லைக் கேட்கும் வேளையில் அந்த எதிரொலியை நிறுத்திவிட்டால் போதும், எழுத்து உள்ளே போகும். திரையில் ஒன்றும் தெரியாது. யூனிக்ஸ் குடும்பத்துக் கணினிகளில் இதற்கெனவே ஒரு கட்டளை உண்டு. பாஷ் மொழியில் 'ரீட்' என்ற சொல்லோடு 'எஸ்' என்ற தெரிவைச் சேர்ப்பார்கள். பைதன் மொழியில் 'கெற்பாஸ்' என்ற பகுதி இதே வேலையைச் செய்கிறது.

இவ்வழக்கம் திரைகளுக்கு முந்தியது. அன்றைய பயனர்கள் தட்டச்சுப் பொறி போன்ற ஒரு கருவியின் முன் அமர்ந்தே கணினியோடு பேசினார்கள். அடித்ததெல்லாம் கடதாசியில் பதிந்தது. கடவுச்சொல்லும் பதிந்தால் குப்பைக்கூடையைக் கிளறுபவருக்கு அது கிடைத்துவிடும். ஆகவே அச்சிடுதலை நிறுத்தினார்கள். நிறுத்த முடியாத கருவிகளில், ஒரே இடத்தில் பல எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக முதலில் அடித்துக் கறுப்புப் பட்டை ஒன்றை உண்டாக்கி, அதன்மீதே கடவுச்சொல்லை அடிக்க வைத்தார்கள். வாசிக்கவே இயலாத பத்திரிகைப் படி ஒன்றைக் கையில் பிடித்துத் திண்டாடிய என்போன்றோருக்கு இக்காட்சி எளிதில் விளங்கும்.

ஆனால் மறைக்கத் தொடங்கிய அக்காலத்திலேயே இரகசியம் வேறு வழியால் வெளியேறிவிட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்தில் பெர்ணாண்டோ கோர்பற்றோவின் குழு, பலர் ஒரே கணினியைப் பகிர்ந்து பயன்படுத்தும் சி.ரி.எஸ்.எஸ். என்ற அமைப்பை 1961 இல் செய்துகாட்டியது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடவுச்சொல் வழங்கப்பட்டது. 1962 இல் அலன் ஷேர் என்ற ஆய்வு மாணவருக்குத் தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதவில்லை. அவர் எவருடைய தோளுக்கு மேலாலும் எட்டிப் பார்க்கவில்லை. கடவுச்சொற்கள் முழுவதும் இருந்த கோப்பை அச்சிட்டுத் தருமாறு துளையிட்ட அட்டை ஒன்றில் கோரிக்கை கொடுத்தார். கணினி பணிவோடு அச்சிட்டுக் கொடுத்தது. சில ஆண்டுகளின் பின்னர், அதே அமைப்பில் இரண்டு கோப்புகள் இடம்மாறியதால், அன்றைய அறிவித்தல் தோன்றவேண்டிய இடத்தில் எல்லோருடைய கடவுச்சொற்களும் உள்நுழைந்த எல்லோருக்கும் காட்டப்பட்டன. விரல்கள் அடித்தது மறைந்திருந்தது. உள்ளே எழுதி வைத்தது வெளிவந்தது. இந்த வேறுபாட்டைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

2009 ஜூன் மாதத்தில் ஜேக்கப் நீல்சன் என்ற பயன்பாட்டு வல்லுநர், கடவுச்சொல்லை மறைப்பதை நிறுத்துங்கள் என்று எழுதினார். பெரும்பாலான வேளைகளில் மனிதர் தம் அறையில் தனியாகவே அமர்ந்திருக்கிறார், எட்டிப் பார்ப்பதற்கு அங்கே எவருமில்லை. மறைப்பதால் பிழைகள் பெருகுகின்றன, நம்பிக்கை குறைகிறது என்பது அவரது வாதம். பாதுகாப்பு வல்லுநர் புரூஸ் ஷ்னையர் முதலில் அதனை ஆமோதித்துவிட்டு, எதிர்வினைகளை வாசித்தபின் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார்.

அந்த ஜூன் மாதத்தில் வன்னி மக்கள் எங்கிருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் செட்டிகுளம் மெனிக்பாமிலும் ஏனைய முகாம்களிலும் முட்கம்பி வேலிக்குள் இருந்தார்கள். தனியறை என்ற சொல்லே அவர்கள் வாழ்க்கையில் இல்லை. அதற்கு முன்பும் பெரிதாக இருந்ததில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புக்காக வவுனியாவின் தொலைத்தொடர்பு நிலையங்களில் வாங்குகளில் வரிசையாகக் காத்திருந்தவர்கள் ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்டார்கள். ஆகவே செய்தியை மழை, வெயில் என்று உருமாற்றிப் பேசினார்கள். 2002 இல் ஏ9 வீதி திறந்தபின் கிளிநொச்சிக்குப் போய்வந்த எங்கள் பைகள் ஓமந்தையில் ஒருமுறையும் புளியங்குளத்தில் ஒருமுறையும் திறக்கப்பட்டன. இரு தரப்பாரும் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினார்கள். பெயர்களை எழுதாமல் நெஞ்சில் வைத்துக்கொண்டு வருவதை நாங்கள் அங்கேதான் பயின்றோம்.

எனவே, முதுகுக்குப் பின்னால் எவருமில்லை என்ற எடுகோள் எங்கள் மண்ணுக்குப் பொருந்தாது. ஒரே அறையில் நான்கு கணினிகளும், அவற்றைச் சுற்றி முறைக்காகக் காத்து நிற்கும் பத்துப் பேருமே நான் அங்கு கண்ட கணினி நிலையம். அங்கே மறைப்பு வேண்டும். ஆனால் அது மட்டும் போதுமா?

*

கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பத்தினர் 2017 பெப்ரவரி 20 ஆம் நாள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். சில நாட்களில் வவுனியாவிலும் கொட்டகை எழுந்தது. ஆணைக்குழுக்கள் பலவற்றுக்கு முன் சொல்லிச் சொல்லி ஓய்ந்த அத்தாய்மாரின் வாக்குமூலங்களைக் குரல்வழிப் பதிவாகச் சேகரிக்க இளைஞர் சிலர் தாமாகவே முன்வந்தார்கள். அவர்களைப் பற்றி இதற்குமேல் அடையாளம் சொல்லப் போவதில்லை. ஒருமுறை அவர்களோடு முல்லைத்தீவுப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போயிருந்தேன். பதிவு முடிந்ததும் முதிய தாயொருவர் என்னிடம் கேட்டார்:

“தம்பி, நான் சொன்னதையெல்லாம் எழுதிறியள். எழுதினதை ஆர் ஆர் பாப்பினம்?”

“நாங்கள் பத்திரமாய் வைச்சிருப்பம் அம்மா” என்றான் உடனிருந்த இளைஞன். அவர் தலையசைத்தார். அது நம்பிக்கையின் தலையசைப்பா, இப்படி எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள் என்ற சலிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

அவ்விளைஞன் கெட்டிக்காரன். அன்றைய பதிவுகளைச் சேர்த்துச் சுருக்கி, கடவுச்சொல்லால் பூட்டி, வெளியே அனுப்பும் வேலையை ஒரே கட்டளைக் கோப்பில் எழுதியிருந்தான். மறுநாள் மாலை அதை எனக்குக் காட்டினான்.

“ஐயா, பாருங்கோ. நான் என்ன அடிக்கிறன் எண்டு தெரியுதோ? ஒரு நட்சத்திரம்கூட வராது.”

“ஏன் தம்பி, நட்சத்திரமும் வேண்டாமெண்டு விட்டனீங்கள்?”

“நட்சத்திரத்தை எண்ணினால் எத்தினை எழுத்தெண்டு பிடிச்சிடலாம் ஐயா.”

அவன் சொன்னதில் நியாயம் உண்டு. நட்சத்திரம் வேண்டுமானால் அந்தக் கட்டளை மொழியில் ஒவ்வொரு எழுத்தாக வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியை நாமே அச்சிடவேண்டும். தமிழுக்கு அதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'கோ' என்பது நமக்கு ஓரெழுத்து. யூனிகோட் முறையில் அது ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு. சேமிக்கும்போது ஆறு பைற். கவனமின்றி எழுதிய நிரல் ஓரெழுத்துக்கு இரண்டோ ஆறோ நட்சத்திரம் காட்டும். அழிக்கப் போனால் பாதி எழுத்து எஞ்சும். ஒன்றும் காட்டாமல் விடுவதிலும் இடர் இல்லாமலில்லை. பாமினியிலோ வேறு தமிழ் விசையமைப்பிலோ தட்டிக்கொண்டிருந்தவர் ஆங்கிலத்துக்கு மாற மறந்தால் திரை அதைச் சொல்லாது. சொல் பிழை என்ற பதில் மட்டும் திரும்பத் திரும்ப வரும். புதியவர்கள் விசைப்பலகை பழுதென்றே எண்ணிவிடுவார்கள்.

அவன் 'என்ரர்' விசையைத் தட்டினான். பூட்டும் வேலை தொடங்கியது. குரல்பதிவுகள் பெரியவை, சில நிமிடங்கள் ஆகும். அதே கணினிக்குள் வேறொரு பயனராக, பக்கத்து மேசையிலிருந்து நுழைந்திருந்த ஒரு பெண்பிள்ளை தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னர் மெதுவாகச் சொன்னாள்:

“அண்ணா, உங்கட பாஸ்வேர்ட் இஞ்ச நிக்குது.”

நடந்தது இதுதான். கடவுச்சொல்லை அவன் இரகசியமாகவே வாங்கினான். ஆனால் வாங்கிய சொல்லைப் பூட்டும் நிரலிடம் கொடுக்கும்போது, அந்நிரலை அழைக்கும் கட்டளை வரியிலேயே அதைச் சேர்த்துக் கொடுத்திருந்தான். எந்த நிரல் எந்த வரியோடு அழைக்கப்பட்டது என்பதை இலினக்ஸ் கணினி சாதாரணமாக எல்லாப் பயனர்களுக்கும் காட்டும். 'பி.எஸ்.' என்ற ஈரெழுத்துக் கட்டளையும் சில தெரிவுகளும் போதும். பூட்டும் வேலை முடியும்வரை அச்சொல் அங்கே, எழுத்துக்கு எழுத்து, மறைப்பேதுமின்றி நின்றது. நான் அவனது தோளுக்குப் பின்னால் நின்றேன், எனக்குத் தெரியவில்லை. அப்பிள்ளை எட்டடி தள்ளி, வேறு திரையைப் பார்த்தபடி இருந்தாள், அவளுக்குத் தெரிந்தது.

நல்லவேளையாக, பார்த்தது அவர்களில் ஒருத்தி.

*

அதன்பின் அவர்கள் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். இவ்வகை வேலையில் ஈடுபட்டிருக்கும் வேறு எவருக்கேனும் உதவலாம்.

முதலாவது, கட்டளை வரியில் கடவுச்சொல்லை வைப்பதை நிறுத்தினார்கள். பூட்டும் நிரலே நேரடியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும் வசதி பெரும்பாலும் இருக்கிறது. அதையே பயன்படுத்த வேண்டும். கையால் தட்டும் கட்டளைகளுக்கும் இது பொருந்தும். தட்டிய வரிகளைக் கணினி ஒரு வரலாற்றுக் கோப்பில் எழுதி வைக்கிறது. கடவுச்சொல்லோடு தட்டிய வரி, அடுத்த மாதமும் அங்கே இருக்கும்.

இரண்டாவது, கட்டளைக் கோப்புக்குள்ளேயே கடவுச்சொல்லை எழுதி வைக்கும் சோம்பல் வழியை எவரும் நாடக்கூடாதென்று விதி செய்தார்கள். அக்கோப்பு நண்பனுக்கு அனுப்பப்படும். பென் டிரைவில் ஏறும். கணினி பழுதுபார்க்கும் கடைக்குப் போகும். சொல்லும் கூடவே போகும்.

மூன்றாவது, எதிரொலியை நிறுத்தும் நிரல் இடையில் அறுந்தால் அதைத் திரும்ப இயக்கிவிட்டே வெளியேறுமாறு எழுதினார்கள். இல்லையெனில் அதன்பின் எதைத் தட்டினாலும் திரை ஊமையாகவே இருக்கும்.

நான்காவதே முக்கியமானது. இரட்டைத் திறவுகோல் முறைக்கு மாறினார்கள். 1976 இல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்ட சிந்தனையிலிருந்து வளர்ந்த முறை இது. ஒரு திறவுகோல் பூட்ட மட்டும் உதவும், திறப்பதற்கு வேறொன்று. வற்றாப்பளை அம்மன் கோயில் உண்டியலை எண்ணிக்கொள்ளுங்கள். எவரும் காசு போடலாம். போட்டவரே நினைத்தாலும் திரும்ப எடுக்க முடியாது. திறப்பு வேறொருவர் கையில். கிளிநொச்சிக் கணினிக்கு இனிப் பூட்டத்தான் தெரியும். அங்கே கடவுச்சொல் எதையும் தட்டவேண்டியதில்லை. ஆகவே மறைக்கவேண்டியதும் இல்லை. அக்கணினியை எவர் தூக்கிச் சென்றாலும், அதிலுள்ள பூட்டிய பதிவுகளை அதைக் கொண்டு திறக்க இயலாது. பூட்டியதும் மூலப் பதிவை அழித்துவிட வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொண்டார்கள்.

ஐந்தாவதாக, பெயர்களை வாக்குமூலங்களிலிருந்து பிரித்தார்கள். பதிவுக்கு ஓர் இலக்கம். இலக்கத்துக்குரிய பெயர் வேறிடத்தில். ஓமந்தைக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் நாங்கள் பயின்றது இதுவே என்பதைக் கண்டபோது, கிழட்டுப் பத்திரிகைக்காரனுக்குச் சற்றுப் பெருமையாக இருந்தது.

ஆனால் இங்கே ஒரு பெரிய விவாதம் எழுந்தது. திறக்கும் திறவுகோல் தொலைந்தால் என்ன செய்வது? வன்னிக்கு இது வெறுங்கேள்வியன்று. பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் கலியாணப் படத்தையும் பொலித்தீன் பைகளில் சுற்றி மண்ணில் புதைத்துவிட்டு ஓடியவர்கள், திரும்பி வந்து தோண்டியபோது இடத்தையே அடையாளம் காணமுடியாமல் நின்ற கதைகளை நான் எழுதியிருக்கிறேன். களவு போவதற்கு அஞ்சி இறுகப் பூட்டினால், நாமே இழந்துவிடும் நிலை வரலாம். இந்தத் தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள். அவர்களது குரல் மறுபடி பதிவு செய்யக்கூடியதன்று.

இறுதியில் திறவுகோலின் படிகள் இரண்டு ஆக்கப்பட்டன. ஒன்று நாட்டுக்குள்ளே, ஒன்று வெளியே. வைத்திருக்கும் இருவரும் ஒருவரையொருவர் அறிவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நீண்ட கடவுச்சொல் உண்டு. ஆறு மாதத்துக்கொருமுறை பழைய பதிவு ஒன்றைத் திறந்து பார்த்து, அது இன்னும் கேட்கக்கூடியதாக இருக்கிறதா என உறுதி செய்கிறார்கள். அவ்வேளையில் கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் ஒன்றும் தெரிவதில்லை.

அந்த இளைஞன் முல்லைத்தீவுக்கு மீண்டும் போனபோது அத்தாயிடம், பத்திரமாய் வைத்திருப்போம் என்று பொதுவாகச் சொல்லவில்லை.

“அம்மா, ரெண்டு பேருக்குத்தான் அதைத் திறக்கலாம். எனக்கும் ஏலாது” என்று சொன்னானாம்.