தொடாமல் கழுவும் கை

பினாங்கின் ஜாலான் டத்தோ கிராமாட்டிலிருந்து பிரியும் சந்தொன்றில் தகரக் கூரை போட்ட பட்டறை. சுவரில் தண்ணீர்மலை முருகன் படம் போட்ட நாள்காட்டி, அதன் கீழே மின்னல் எஃப்எம் பாடும் வானொலி. வெள்ளிநிற ஜப்பானியக் காடி ஒன்று பானெட் திறந்து நிற்கிறது. 1500 சிசி. செயலி வழியாக ஆள் ஏற்றிப் பிழைக்கும் இளைஞனுடையது. பக்கத்தில் நின்று அவன் குறைகளை அடுக்குகிறான். பட்டறைக்காரருக்கு அறுபதை ஒட்டிய வயது. கேட்டுக்கொண்டே கையைத் துடைக்கிறார்.

"பாலத்துல ஏறும்போது மூச்சு வாங்குது அங்கிள். மிதிச்சா உடனே எடுக்க மாட்டேங்குது. சிக்னல்ல நின்னா, ஏர்கோன் போட்டா, நடுங்குது. எண்ணெயும் அதிகமா குடிக்குது."

"எஞ்சின் லைட் எப்ப எரிஞ்சுச்சு?"

"போன வாரம். வேற பட்டறையில காட்டினேன். ஏர் ஃப்ளோ சென்சர் போயிருச்சு, புதுசு போடணும், நானூறு வெள்ளி ஆகும்னாங்க."

பெரியவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. "பசியாறிட்டியா?" என்று மட்டும் கேட்கிறார். கேட்டுவிட்டு ஸ்கேனரை எடுத்து ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகுகிறார்.

திரையில் பி 0171 என்ற குறியீடு. இளைஞன் எட்டிப் பார்க்கிறான்.

"சென்சர் கெட்டுப்போச்சுன்னு இது சொல்லல தம்பி. காத்து அதிகம், எண்ணெய் பத்தலன்னுதான் சொல்லுது. ஏன் பத்தலன்னு நாமதான் பார்க்கணும்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்தப் பட்டறையில் எவ்வளவு நேரமும் உட்கார்ந்திருக்கலாம். குறியீட்டைப் படித்த கையோடு சாமானை மாற்றுகிற பழக்கம் எங்கும் பரவிவிட்டது. அதன் விலையை மாதத் தவணையில் காடி வாங்கியவன்தான் கட்டுகிறான்.

பெட்ரோல் எஞ்சினின் கணக்கு எளிது. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். உள்ளே வரும் காற்றின் எடை தெரிந்தால்தான் கம்ப்யூட்டர் எண்ணெயை அளந்து விடும். அந்த எடையைச் சொல்வது ஏர் ஃபில்டர் பெட்டியை அடுத்த குழாயில் உட்கார்ந்திருக்கும் ஏர் ஃப்ளோ சென்சர் என்ற இந்தச் சின்ன சாதனம். அதற்குள் முடியளவு மெல்லிய பிளாட்டினக் கம்பி. அதை மின்சாரம் ஓயாமல் சூடாக வைத்திருக்கிறது. வரும் காற்று கம்பியைக் குளிரவைக்கும். பழைய சூட்டுக்கே கொண்டுவர எவ்வளவு மின்சாரம் கூடத் தேவைப்பட்டதோ, அதிலிருந்து காற்றின் அளவு கிடைத்துவிடும். கம்பி மேல் தூசி படிந்தால் கம்பளி போர்த்தியவனுக்குக் காற்று உறைக்காத கதைதான். ஆறு கிராம் போனாலும் ஐந்து என்று சொல்லும். ஐந்துக்குரிய எண்ணெய்தான் இறங்கும். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சர் மிச்சக் காற்றைக் கண்டு முறையிட, கம்ப்யூட்டர் எண்ணெயைக் கூட்டிக்கொண்டே போகும். கூட்டுவதற்கும் ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டினால் எஞ்சின் விளக்கு எரியும். எல்லாக் காடியிலும் இந்தக் கம்பி இருக்காது. பலவற்றில் இன்டேக்கின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சரே அந்த வேலையைப் பார்க்கிறது.

எஞ்சின் சூடாகும்வரை பெரியவர் காத்திருக்கிறார். திரையில் இப்போது வெறும் எண்கள். சும்மா ஓடும்போது கம்ப்யூட்டர் செய்யும் எண்ணெய்த் திருத்தம் கூட்டல் எட்டு விழுக்காடு. பெடலைச் சீராக அழுத்தி 2500 சுற்றில் நிறுத்துகிறார். எட்டு பன்னிரண்டாகிறது, பதினாறாகிறது, இருபத்தொன்றில் போய் நிற்கிறது. இளைஞனுக்கு அது பயமாக இருக்கிறது. பெரியவர் முகத்தில் ஒரு தெளிவு.

"குழாயில வெடிப்பு இருந்து திருட்டுக் காத்து உள்ள போனா, சும்மா ஓடும்போதுதான் நம்பர் ஏறி இருக்கும். வேகம் கூடக் கூட இறங்கிரும். இது ஏறுது பாரு."

அப்படிச் சொன்னாலும், சென்சரிலிருந்து த்ரோட்டில் வரை போகும் ரப்பர் குழாயின் ஒவ்வொரு மடிப்பையும் விரலால் விரித்துப் பார்க்காமல் விடவில்லை. வெடிப்பு இல்லை. பெட்ரோல் பம்ப் தளர்ந்திருந்தாலும் சுமை ஏற ஏற இதே மாதிரிதான் எண் ஏறும். அதனால் அழுத்தமானியை மாட்டுகிறார். முள் மூன்று பாருக்குச் சற்று மேலே அசையாமல் நிற்கிறது. பம்ப் மேல் குற்றமில்லை. ஐந்து நிமிடத்தில் முடிகிற சோதனைதான். ஆனால் இதைச் செய்யாமல் சென்சரைக் கழுவியிருந்தால், கழுவியது தப்பா பம்ப் தப்பா என்று பிறகு தெரியாது. வேலையின் ஒழுங்கு இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வருவதைப் பார்க்க எனக்கு அப்படி ஒரு நிறைவு.

அதற்குப் பிறகுதான் ஃபில்டர் பெட்டியின் கொக்கிகளை நெம்புகிறார். உள்ளே வழக்கமான காகித ஃபில்டர் இல்லை. சிவப்புத் துணி வைத்த, கழுவிக் கழுவிப் போடும் வகை. விரலால் தொடுகிறார், விரல் பளபளக்கிறது.

"யாரு எண்ணெய் தடவினது?"

"நான்தான் அங்கிள். கழுவிட்டு, பாட்டில்ல போட்டிருந்தபடி…"

"அதிகமா போச்சுய்யா. காத்தோட எண்ணெயும் பறந்து போயி கம்பியில ஒட்டிக்கிச்சு. அதுல தூசி வந்து உக்காந்துக்கிச்சு."

திட்டவில்லை. சாவியை அணைத்து, சாக்கெட்டின் பூட்டை அமுக்கிக் கழற்றி, இரண்டு ஸ்க்ரூவைத் திருகி, சென்சரை வெளிச்சத்தில் பிடிக்கிறார். கட்டைவிரல் நீளப் பிளாஸ்டிக். அதன் சின்ன வாசலுக்குள் சாம்பல் நிறப் பஞ்சு மாதிரி ஒரு படலம், ஒரு கொசுவின் இறக்கை.

வேலை பழகும் மலாய்ப் பையன் காது குடையும் பஞ்சுக்குச்சியை நீட்டுகிறான். பெரியவர் குரல் முதல்முறை உயர்கிறது: "ஜாங்ஙான் செந்து!" தொடாதே என்கிறார். அந்தக் கம்பிக்குப் பஞ்சின் உரசலே போதும், அறுந்துவிடும். கம்ப்ரசர் காற்றும் ஆகாது. கார்புரேட்டர் துடைக்கும் மருந்தும் ஆகாது. பிளாஸ்டிக்கை அரிக்கும், கறையும் விட்டுப்போகும். இதற்கென்றே விற்கும், கறையில்லாமல் காயும் ஸ்ப்ரே மட்டும். டப்பாவை ஒரு சாண் தள்ளிப் பிடித்துச் சின்னச் சின்னதாக அடிக்கிறார். முதலில் பழுப்பாகச் சொட்டுகிறது, பிறகு வெறும் தண்ணீர் நிறம். திருப்பிப் பிடித்து மறுபடியும். கை கம்பியைத் தொடவே இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் போஷ் நிறுவனம் சூட்டுக்கம்பி அளவியைக் கொண்டுவந்தபோது, எஞ்சின் அணைந்ததும் கம்பியை ஒரு விநாடி ஏறத்தாழ 1000 டிகிரிக்குக் காய்ச்சி அழுக்கை எரித்துவிடும் ஏற்பாடும் அதில் இருந்தது. இங்கே அந்த வேலையைக் கை செய்கிறது. அதே போஷ் 1972-இலேயே பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வந்துவிட்டது. மின்னணுப் பாகங்கள் செய்து வளர்ந்த இந்தத் தீவில், ஒரு சென்சரைத் தூக்கி எறியாமல் உயிர்ப்பிக்கத் தெரிந்தவர் சந்துக்குள் இருக்கிறார்.

கால் மணி நேரம் காய வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் சூடேறும்போது கம்பி கெட்டுவிடும். அவசரப்படுபவர்கள் தவறுவது இங்கேதான். பெரியவர் தொலைபேசியில் உதிரிச்சாமான் கடைக்குச் சரளமான ஹொக்கியனில் காகித ஃபில்டர் கேட்கிறார். பையனை மலாயில் தேத்தண்ணி வாங்க அனுப்புகிறார். இளைஞனிடம் தமிழில் குடும்பம் விசாரிக்கிறார். ஃபில்டர் மோட்டாரில் வந்து சேர்கிறது.

எல்லாம் மாட்டியாயிற்று. குறியீட்டை அழித்து, இருவரும் ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு சுற்றுப் போய் வருகிறார்கள். இறங்கும்போது இளைஞனின் முகத்திலேயே விடை இருக்கிறது. என்றாலும் பெரியவர் திரையைத்தான் நம்புகிறார். 2500 சுற்றில் திருத்தம் கூட்டல் மூன்று.

"எவ்வளவு அங்கிள்?"

"ஃபில்டரோட எண்பது வெள்ளி. பழைய கணக்கை அழிச்சிருக்கேன், கம்ப்யூட்டர் மறுபடி பழகணும். முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வா, நம்பர் நிக்குதான்னு பார்ப்போம். நிக்கலன்னாதான் புதுசைப் பத்திப் பேசணும்."

"அப்ப பார்க்கவும் காசா?"

"நம்பர் பார்க்க என்ன காசு? அந்தச் சிவப்பு ஃபில்டரை மட்டும் எடுத்துட்டுப் போகாதே. இங்கேயே போட்டுட்டுப் போ."