எங்கள் ஆற்றுப்படை

கும்பகோணத்திலிருந்து வடக்கே, அணைக்கரை வழியாகச் சேத்தியாத்தோப்பை நோக்கிச் செல்லும் சாலையில் நாங்கள் நால்வர் ஒரே காரில் கல்லூரிக்குப் போய்வரத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. தமிழ்த்துறையினர் இருவர், இயற்பியல் நண்பர் ஒருவர், வணிகவியல் நண்பர் ஒருவர். இக்கட்டுரையில் ‘நாங்கள்’ என்று வருவது பெரும்பாலும் தமிழ்த்துறையினர் இருவரையே குறிக்கும். நடந்ததில் மற்ற இருவருக்குப் பங்கில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் வரையிலான அந்தச் சாலையை நான்கு வழியாக்கும் வேலை தொடங்கிய பிறகு, எங்கள் பயணத்தின் இயல்பே மாறிப்போயிற்று. காலையில் இருந்த பாதை மாலையில் இராது. புளியமரங்கள் நின்ற இடத்தில் செம்மண் மேடு. மேடு இருந்த இடத்தில் மறுநாள் பள்ளம். காவிரிப் படுகையில் ஒரு சாலையை அகலப்படுத்துவது என்றால் வாய்க்காலுக்கு வாய்க்கால் சிறுபாலத்தை உடைத்துக் கட்டவேண்டும். சாலையின் ஒரு பாதியை வெட்டி, மறுபாதியிலோ அருகே கொட்டிய மண்பாதையிலோ வண்டிகளை விடுவார்கள். காத்திருப்பது எங்கள் பகுதிக்காரர்களுக்குப் புதிதன்று. அணைக்கரைப் பழைய பாலத்தில் ஒரு பக்கத்து வண்டிகளை நிறுத்தி மறுபக்கத்து வண்டிகளை விடுகிற வழக்கத்தில் பழகியவர்கள்தாம். ஆனால் பாலம் நகராது, அது இருக்குமிடம் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பள்ளங்களோ வாரத்துக்கு வாரம் இடம் மாறின.

2019 ஆகஸ்டு மாதம் என்று நினைவு. ஒரு சிறுபாலத்தின் அருகே தகரப் பலகை ஒன்று முளைத்திருந்தது. ‘வேளை நடக்கிறது மாற்று பாதை செல்க’ என்று அதில் எழுதியிருந்தார்கள். வேலை வேளையாகிவிட்டது. ப் என்னும் ஒற்றெழுத்து மண்ணோடு மண்ணாகப் போய்விட்டது. தினமும் இரண்டு முறை அதைக் கடக்கவேண்டிய தமிழாசிரியர்களின் நிலையை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம். ஒரு மாலை காரை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டோம். துணை ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர், இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது, நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். “சார், எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. நீங்களே நல்லதா எழுதிக் குடுத்துடுங்க. அப்படியே போர்டு அடிச்சு வெச்சுடறேன்” என்றார்.

அன்றிரவு எழுதினோம். தொலைபேசியில் இரண்டு முறை திருத்தினோம். இறுதி வடிவம் இது: ‘அன்பார்ந்த வாகன ஓட்டிகளின் கனிவான கவனத்திற்கு: சிறுபாலக் கட்டுமானப் பணி நடைபெற்று வருவதால், வாகனங்களை மிதமான வேகத்தில் இயக்கி, இடப்புறம் அமைக்கப்பட்டுள்ள தற்காலிக மாற்றுப் பாதையினைப் பயன்படுத்துமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். தங்கள் ஒத்துழைப்பிற்கு நன்றி.’

சந்திப் பிழை இல்லை. காற்புள்ளிகள் இடமறிந்து நின்றன. ‘பாதையை’ என்பதா ‘பாதையினை’ என்பதா என்று கால் மணி நேரம் பேசினோம் என்பதை இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. நான்கடிக்கு மூன்றடித் தகரத்தில் மஞ்சள் வண்ணம் பூசி, கறுப்பு எழுத்தில் பலகை எழுந்தது. முதல் நாள் அதன்முன் காரை நிறுத்திக் கைப்பேசியில் படமும் எடுத்துக்கொண்டோம்.

அந்த இடத்தில் சிவப்புக் கொடி பிடித்து நின்ற ஓர் அம்மா உண்டு. அறுபதை நெருங்கியவர். பக்கத்து ஊர், நடவு இல்லாத நாள்களில் இந்த வேலை. தலைக்குத் துண்டு, சேலைமேல் பச்சை நிற ஒளிர்ச்சட்டை. சிவப்புக் கொடியைக் கண்டதும் கட்சிக்காரர்கள் நன்கொடைக்கு நிற்கிறார்கள் என்று எண்ணி வேகத்தைக் கூட்டுகிறவர்களும் இருக்கிறார்களாம், அவரே சொன்னார். கொடி ஆட்டுவதற்கு ‘நில்’ என்று பொருளா, ‘மெதுவாகப் போ’ என்று பொருளா என்பது ஓட்டுகிறவர்களுக்கும் தெரியாது, அவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. அமெரிக்காவின் சாலைக் கையேட்டில் கொடியை அவசர காலத்துக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, ஒரு பக்கம் ‘நில்’ என்றும் மறுபக்கம் ‘மெதுவாக’ என்றும் எழுதிய கைப்பலகையைக் கொடுக்கிறார்கள் என்று பின்னாளில் படித்தபோது அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் பலகையைப் பற்றி அவரிடம் கேட்டோம். பாராட்டை எதிர்பார்த்துத்தான் கேட்டோம்.

“எனக்குப் படிக்கத் தெரியாது வாத்தியாரய்யா. ஆனா ஒண்ணு. நின்னு பாக்குறவன் நீங்க மட்டும்தான்.”

சிரித்துவிட்டுப் போனோம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில், இரவு ஏழரை மணிபோல், இருசக்கர வண்டியில் மனைவியுடன் வந்த ஒருவர் பலகையைத் தாண்டி நேரே பள்ளத்தில் விழுந்தார். கொடிக்கார அம்மாவின் வேலை ஆறு மணியோடு முடிந்துவிடும். பள்ளத்தின் விளிம்பில் நான்கு மணல் மூட்டைகளும், வெள்ளையும் சிவப்பும் அடித்த ஒரு தார் டிரம்மும் இருந்தன. விளக்கு இல்லை. அந்த அம்மாளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. அவருக்கு வலது தொடை எலும்பு முறிந்தது. பூ வாங்கிக் கோயில் வாசலில் கட்டி விற்கிறவர்கள்.

கும்பகோணத்தில் அவர் சேர்க்கப்பட்டிருந்த மருத்துவமனைக்கு நாங்கள் நால்வரும் போனோம். எங்கள் மாணவி ஒருத்தியின் உறவினர் என்பது நாங்கள் சொல்லிக்கொண்ட காரணம். கால் கட்டோடு படுத்திருந்தவரிடம் பலகை கண்ணில் படவில்லையா என்று கேட்டோம். மழையில் மறைந்துபோயிருக்கும், இருட்டில் தெரிந்திருக்காது என்று அவர் சொல்லவேண்டும் என்பதே எங்கள் விருப்பமாக இருந்தது.

“தெரிஞ்சுது சார். ஏதோ நெறைய எழுதியிருந்துச்சு. என்னான்னு பாத்துக்கிட்டே வந்தேன். அதுக்குள்ள பள்ளம்.”

அதன்பின் காரில் யாரும் பேசவில்லை. மறுநாள்தான் இயற்பியல் நண்பர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் எங்களைக் குற்றம் சொல்லவில்லை. கணக்கைக் கண்டால் போட்டுவிடும் மனிதர். சாலைப் பலகைகளில் ஓர் அங்குல உயர எழுத்தை ஏறக்குறைய முப்பதடி தொலைவிலிருந்து படிக்கலாம் என்பது அமெரிக்கக் கையேட்டின் தோராய அளவு. எங்கள் இருபத்தைந்து சொற்களை அந்தத் தகரத்தில் அடக்க, எழுத்து இரண்டு அங்குலமாகச் சுருங்கியிருந்தது. அறுபதடி, அதாவது பதினெட்டு மீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் ஒரு நொடிக்குப் பதினோரு மீட்டர் கடக்கிறார். படிக்கக் கிடைப்பது ஒன்றரை நொடிக்குச் சற்று மேல். அந்த அளவும் ஆங்கில எழுத்துக்கு, பகல் வெளிச்சத்துக்குச் சொன்னது. ‘ணை’யும் ‘று’வும் ‘க்க’வும் அடர்ந்து நிற்கும் நம் எழுத்துக்கு இன்னும் குறையும் என்பதே எங்கள் ஊகம். எங்கள் வாசகத்தை உரக்கப் படித்துக் கடிகாரத்தைப் பார்த்தார் நண்பர். பதினான்கு நொடி. 40 கிலோமீட்டர் வேகத்தில் பதினான்கு நொடி என்பது நூற்றைம்பது மீட்டருக்கு மேல். எங்கள் பலகைக்கும் பள்ளத்துக்கும் இடையே இருந்தது பத்துத் தப்படி.

ஓட்டுகிறவருக்கு வேண்டிய சொல் ஒன்றே ஒன்று: ‘இடப்புறம்’. எண்ணிப் பார்த்தோம். அது பதினைந்தாவது சொல்லாக இருந்தது. முதல் ஐந்து சொற்களை மரியாதைக்குக் கொடுத்திருந்தோம். மிகைபடக் கூறல் பத்துக் குற்றங்களுள் ஒன்று என்று நன்னூலை வைத்து ஆண்டுதோறும் பாடம் சொல்லுகிறவர்கள் நாங்கள். சில எழுத்தில் பல பொருளைக் கண்ணாடியில் உருவம் தெரிவதுபோலக் காட்டவேண்டும் என்று நூற்பாவுக்கு அந்நூல் கூறும் இலக்கணத்தையும் அதே வகுப்பில்தான் நடத்துகிறோம்.

பிறகு தேடிப் படித்தோம். இந்திய சாலைப் பேராயம் என்று ஓர் அமைப்பு 1934 முதல் இருக்கிறது. பணி நடக்கும் இடங்களில் போக்குவரத்தை எப்படி நடத்துவது என்பதற்கென்றே எஸ்.பி. 55 என்ற வழிகாட்டி நூலை 2001இல் வெளியிட்டு, 2014இல் திருத்தியும் இருக்கிறார்கள். வேலை நடக்கும் இடம் என்பது பள்ளம் மட்டுமன்று என்பதுதான் அதில் நாங்கள் கற்ற முதல் செய்தி. பள்ளத்துக்கு வெகு முன்னரே எச்சரிக்கைப் பகுதி தொடங்கிவிடுகிறது. அடுத்தது, வண்டிகளைத் தம் தடத்திலிருந்து சிறிது சிறிதாக ஒதுக்கும் பகுதி. அப்புறம்தான் வேலைப் பகுதி. கடைசியில், பழைய தடத்துக்கு மீண்டும் சேர்க்கும் பகுதி. இந்த இரண்டாவது பகுதியைத்தான் எங்கள் ஊர்ப்பக்கம் அறவே காண முடியாது. நேரே வந்தவனைச் சட்டென்று திரும்பு என்போம். மணிக்கு 40 மைல் வேகத்தில் வருகிற வண்டியைப் பன்னிரண்டடி பக்கவாட்டில் நகர்த்த, 320 அடி நீளத்துக்குக் கூம்புகளைச் சாய்வாக வைத்துவரவேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. நாங்கள் பார்த்த இடத்தில் இருந்தவை நான்கு மூட்டைகள். மனிதன் ஒன்றைக் கண்டு, உணர்ந்து, காலைத் தடைக்கட்டையில் வைக்கவே இரண்டரை நொடி என்று பொறியாளர்கள் வைத்துக்கொள்கிறார்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் முப்பத்தைந்து மீட்டர் போய்விடும்; நிற்பதற்குள் அறுபது.

இரவு என்பது தனிக் கதை. சாதாரண வண்ணம் விளக்கொளியை நாலாபுறமும் சிதறடித்துவிடுகிறது. நுண்ணிய கண்ணாடி மணிகள் பதித்த தாளோ, ஒளி வந்த திசைக்கே அதைத் திருப்பி அனுப்புகிறது. இங்கிலாந்தில் பெர்சி ஷா என்பவர் 1934இல் காப்புரிமை பெற்ற, சாலையில் பதிக்கும் ‘பூனைக்கண்’ணின் தத்துவமும் இதுதான். எங்கள் மஞ்சள் தகரத்தில் இவை எதுவுமில்லை.

இவற்றையெல்லாம்விட எங்களை உறுத்தியது வேறொன்று. மலைபடுகடாத்தை நாங்கள் மாறி மாறிப் பதினேழு ஆண்டுகளாக நடத்துகிறோம். நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் 583 அடிகள். பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள வழியில் இரவில் போகாதீர்கள், விடிந்தபின் செல்லுங்கள் என்கிறான். தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எங்கே பாயும், பாறை எங்கே வழுக்கும் என்றெல்லாம் ஆபத்துக்கு முன்பே ஆபத்தைச் சொல்லிவிடுகிறான். அந்தப் பாட்டில் ஓர் இடம் உண்டு. வழிகள் பிரியும் சந்தியைத் துடைத்துச் சீராக்கி, பின்னால் வரும் புதியவர்களுக்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள் என்கிறான். முடிந்த புல்! ஓர் எழுத்துக்கூட இல்லை. கொடிக்கார அம்மாவாலும் அதைப் படிக்க முடியும். இதை நடத்தும்போது பழந்தமிழரின் பண்பாட்டு உயர்வு என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாகவும் கேட்டிருக்கிறோம்.

மேற்பார்வையாளரைத் தேடிப் போனோம். விபத்துக்குப் பின் அவர் மிரண்டு போயிருந்தார். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 198-ஏ என்றொரு பிரிவு சேர்ந்திருக்கிறது. சாலை அமைப்பிலும் பராமரிப்பிலும் விதித்த தரத்தைக் கைவிட்டு, அதனால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகார அமைப்புக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். வணிகவியல் நண்பர் அதை அச்செடுத்துக்கொண்டு வந்திருந்தார். வாசகம் எழுதியவர் அந்தப் பட்டியலில் இல்லை. புதிய பலகைகளுக்கு ஒரே நாளில் சம்மதம் கிடைத்தது எங்கள் தமிழாலா அந்தத் தாளாலா என்பதில் ஐயமில்லை.

பள்ளத்துக்கு முன்னால் வெகு தொலைவில் ‘முன்னே பள்ளம்’ என்று ஒன்று. அடுத்து, ‘மெதுவாக’. பிறகு எழுத்தே இல்லாமல் இடப்பக்கம் வளைந்த பெரிய அம்புக்குறி, ஒளிரும் தாளில். தார் டிரம்கள் ஆறு வாங்கி, ஒளிர்பட்டை சுற்றி, சாய்வாக வரிசையில் நிறுத்தினார்கள். விளிம்பில் மின்கலத்தில் மினுக்கும் சிவப்பு விளக்குகள். ‘முன்னே’ என்பதா ‘முன்னால்’ என்பதா என்ற பேச்சு எழுந்தபோது இயற்பியல் நண்பர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். அத்தோடு நின்றது. இரண்டு விளக்குகள் மூன்றாம் நாளே காணாமல் போயின; கொடிக்கார அம்மா ஊருக்குள் சத்தம் போட்டதில் ஒன்று திரும்பி வந்தது. சிறுபாலம் அடுத்த ஆண்டு கட்டி முடிந்தது. இன்று அவ்விடத்தைக் கடக்கும்போது அங்கே பள்ளம் இருந்தது என்று சொன்னால்தான் தெரியும்.

பூக்காரர் ஐந்து மாதங்களுக்குப் பிறகு நடந்தார். இப்போதும் மாடிப்படி ஏறச் சிரமப்படுகிறார். சனிக்கிழமைகளில் அவரிடம்தான் பூ வாங்குகிறோம். எங்களைக் கண்டால் எழுந்து நிற்க முயல்வார். வேண்டாம் என்று கையமர்த்துவோம். மருத்துவமனைக்கு வந்து பார்த்த வாத்தியார்கள் என்று மனைவியிடம் ஒவ்வொரு முறையும் சொல்லி, முழம் போட்டபின் கொசுறாக ஒரு சாண் சேர்த்துத் தருகிறார். அந்தப் பலகையை எழுதியவர்கள் நாங்கள்தாம் என்பதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. மேற்பார்வையாளரும் சொல்லவில்லை போலும்.

பழைய தகரம் வேலை முடிந்த இடத்திலேயே கிடந்தது. தேநீர்க் கடைக்காரர் அதை எடுத்துப் போய்த் தம் கடையின் மேற்குப் பக்கம், மழைச்சாரலுக்குத் தடுப்பாக அடித்திருக்கிறார். ‘அன்பார்ந்த’ மட்டும் துருவேறி மங்கியிருக்கிறது. மற்றபடி, தேநீர் ஆறும் நேரத்துக்குள் ஒருவர் அதை முழுவதும் படித்துவிடலாம்.